மஞ்சள் கொடி பறந்த பாங்காக்: அம்மா, சித்தியோடு ஒரு நவராத்திரி

அக்டோபர் 8, செவ்வாய்

பாங்காக் போகிறோம் என்றதும் எதிர்வீட்டு மாமா ஒரு மாதிரிச் சிரித்தார். "அம்மாவையும் சித்தியையும் கூட்டிக்கிட்டு அந்த ஊருக்கா?" நம் பக்கத்தில் பாங்காக்குக்கு அப்படி ஒரு பெயர் ஒட்டிவிட்டது. லட்சக்கணக்கான குடும்பங்கள் வாழும் ஊரை நாலு தெருவை வைத்து எடை போடுவது நியாயமே இல்லை. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இறங்கும்போதே மழை. அக்டோபர் அங்கே மழைக்காலத்தின் கடைசிக் கட்டம். காலையில் வெயில் மண்டையைப் பிளக்கும். சாயங்காலம் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல வானம் வெளுத்துவிடும்.

என் பெரிய கவலை சாப்பாடு. அம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். தாய்லாந்துச் சமையலிலோ காய்கறி வதக்கினால்கூட ஒரு கரண்டி மீன் சாஸ் விழும். அதனால் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அவல் என்று அரைப் பெட்டி தளவாடங்கள். சித்தி நேர் எதிர். நண்டு, இறால், நத்தை எது வந்தாலும் ஒரு கை பார்ப்பவர்.

சிலோம் சாலையை ஒட்டிய சந்தில் அறை. குளித்துவிட்டு வெளியே வந்தால் சந்து முழுக்க முக்கோண மஞ்சள் கொடிகள், அதில் சிவப்பு எழுத்து. இது சீன வம்சாவளியினர் கொண்டாடும் 'கின் ஜே' திருவிழா. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் முதல் 9 நாட்கள். அந்த நாட்களில் கறி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. பூண்டு, வெங்காயமும் கிடையாது. விரதம் இருப்பவர்கள் வெள்ளை உடுத்துகிறார்கள். சீனர்கள் மட்டுமல்ல, தாய்லாந்துக்காரர்களும் நிறையப் பேர் கடைப்பிடிக்கிறார்கள். மஞ்சள் கொடி கட்டிய கடையில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம்.

சந்து முனையில் ஒரு தள்ளுவண்டி. அகலமான அரிசி நூடுல்ஸ், காளான், டோஃபு, ஒரு கைப்பிடி கீரை. ஒரு தட்டு 50 பாட். ஒரு பாட்டுக்கு அப்போது ஏறக்குறைய இரண்டரை ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் மிளகாய்த்தூள், சர்க்கரை, மிளகாய் ஊறிய காடி, நிலக்கடலைப் பொடி என நாலு கிண்ணங்கள். கடைக்கார அம்மாள் தட்டை வைத்துவிட்டுப் போகவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முதல் வாய் போட்டு அம்மா தலையாட்டிய பிறகுதான் அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார்.

"பெட்டியில இருக்கிற அவலைப் பிரிக்கவே வேண்டாம் போலிருக்கேடி" என்றார் அம்மா. நாங்கள் அதைப் பிரிக்கவே இல்லை.

அக்டோபர் 9, புதன்

சாவோ ப்ராயா ஆற்றில் ஆரஞ்சு கொடிப் படகு. எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 16 பாட். காலை எட்டரைக்கே நெரிசல். நின்றுகொண்டிருந்த அம்மாவைப் பார்த்ததும் பள்ளிச் சீருடையில் இருந்த பையன் எழுந்து இடம் கொடுத்தான். படகில் பலர் பேசிக்கொண்டுதான் வந்தார்கள், ஆனால் பக்கத்து ஆளுக்குக் கேட்காத குரலில். எங்கள் மூவரின் பேச்சுதான் படகின் கடைசி வரை கேட்டிருக்கும்.

அடுத்து, அரசரின் பெரிய அரண்மனை (கிராண்ட் பேலஸ்). வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் நல்ல சட்டை போட்ட ஒருவர் வழிமறித்தார். இன்று பூஜை, மதியம் வரை மூடியிருக்கும், 40 பாட் கொடுத்தால் டுக் டுக் ஆட்டோவில் வேறு கோயில்களைக் காட்டுகிறேன் என்றார். வருகிறவர்களை நகைக்கடைக்கும் தையல் கடைக்கும் ஓட்டிக்கொண்டு போகும் பழைய வித்தை இது. புன்னகைத்துவிட்டு நடந்தோம். வாசல் விரியத் திறந்துதான் இருந்தது. கட்டணம் வெளிநாட்டுக்காரர்களுக்கு 500 பாட். மூன்று பேருக்கு நம் பணத்தில் மூவாயிரத்து எழுநூறு ரூபாய்க்கு மேல். சித்திக்கு நெஞ்சு அடைத்தது, ஆனால் உள்ளே போனதும் பேச்சு நின்றுவிட்டது.

அரண்மனைக் கோயிலில் இருக்கும் மரகத புத்தர் உண்மையில் பச்சை ஜேடு கல்லில் செதுக்கியவர். உயரம் 66 சென்டிமீட்டர்தான். அவ்வளவு உயரப் பீடத்தில் குழந்தை போலத் தெரிகிறார். கோடை, மழை, குளிர் என்று மூன்று பருவத்துக்கு மூன்று பொன் உடை. பருவம் மாறும்போது அரசரே வந்து மாற்றுவது வழக்கம். நாங்கள் பார்த்தது மழைக்கால அலங்காரம். எல்லோரும் காலை மடக்கி, பாதம் சந்நிதிப் பக்கம் நீளாமல் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

பிறகு சுற்றுப் பிராகாரம். 178 சுவரோவியங்களில் முழு ராமகியன், அதாவது அவர்களுடைய ராமாயணம். ராவணன் அங்கே தொட்சகன், பச்சை முகத்தோடு நிற்கிறான். அனுமார் வெள்ளை வெளேர் என்று இருக்கிறார். சேது கட்டும் படத்தில் கடலுக்கடியில் மீன்வால் கொண்ட ஒரு பெண். ராவணனுடைய மகள், அனுமார் அவளைக் காதலித்து ஒரு மகனும் பிறக்கிறான் என்று நான் படித்துச் சொன்னேன். அம்மா சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அனுமாரா? இருக்கவே இருக்காது."

"இவங்க ஊர்ல இப்படித்தான்க்கா. நம்ம கதைய மட்டும் வச்சுக்கிட்டுப் பேசாத" என்றார் சித்தி.

மதியம் வாட் போ கோயில். 300 பாட், கூடவே ஒரு தண்ணீர் பாட்டில். 46 மீட்டர் நீளத்துக்குச் சாய்ந்திருக்கும் புத்தரின் உள்ளங்காலில் சிப்பி இழைத்து 108 மங்கலச் சின்னங்கள். முதுகுப் பக்கம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள். 20 பாட் கொடுத்தால் ஒரு சிறு கோப்பை நிறையச் சில்லறை தருவார்கள்; ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே நடக்க வேண்டும். மண்டபம் முழுக்க அந்த டிங் டிங் ஓசை ஓயாமல் கேட்கிறது. சித்தியின் சில்லறை பாதியிலேயே தீர்ந்துவிட, பின்னால் வந்த பெண் தன் கோப்பையிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கொடுத்தாள்.

வெளியே வந்ததும் சித்தியின் செருப்பு வார் அறுந்தது. தா தியென் படகுத்துறை ஓரத்தில் பொமெலோ (நம் பம்ளிமாஸ்) உரித்துக்கொண்டிருந்த பாட்டியம்மா கையைத் துடைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் கயிற்றைக் கத்தியால் நறுக்கி, ஓட்டை போட்டு, இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். காசு நீட்டினால் வாங்கவில்லை. ஒரு பொட்டலம் பொமெலோ 40 பாட்டுக்கு வாங்கினோம். அதற்கும் உப்பு மிளகாய்ப் பொட்டலம் ஒன்றை அதிகமாகப் போட்டார். அந்த முடிச்சு திருச்சி வந்து சேரும் வரை அவிழவில்லை.

5 பாட் படகில் அக்கரை வாட் அருண் கோயில். பீங்கான் துண்டுகள் பதித்த கோபுரம் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. படி செங்குத்து என்பதால் அம்மா கீழேயே இருந்துவிட்டார். அங்கே பாதிப் பேர் தாய்லாந்துப் பட்டு உடையை வாடகைக்குக் கட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆறரைக்கு மழை.

அக்டோபர் 10, வியாழன்

பாங்காக்கை அறிய வேண்டும் என்றால் சென் சாப் கால்வாய்ப் படகில் ஒரு முறையாவது போக வேண்டும். பிரதூநாமில் ஏறினோம், ஆளுக்கு 14 பாட். தண்ணீர் கறுப்பு, வாடையும் உண்டு. எதிரே இன்னொரு படகு வந்தால் சாரல் அடிக்கும். அதற்காகப் பக்கவாட்டில் நீலத் தார்ப்பாய். ஓரத்தில் உட்கார்ந்தவர்தான் கயிற்றை இழுத்து அதை உயர்த்த வேண்டும். ஓரத்தில் சித்தி. முதல் சாரலுக்கு விழித்தார், இரண்டாவதுக்கு இழுத்தார், அப்புறம் எங்கள் வரிசையின் பொறுப்பு முழுக்க அவருடையதாகிவிட்டது. நடத்துநர் பெண் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு படகின் வெளி விளிம்பில் நடந்தபடியே சீட்டு கிழிக்கிறாள். பாலம் வரும்போதெல்லாம் கூரை தாழ்கிறது, அவளும் குனிகிறாள்.

பான்ஃபாவில் இறங்கி நடந்தால் சாவ் சிங் சா, அந்தப் பெரிய சிவப்பு ஊஞ்சல். அரசர் முதலாம் ராமா 1784இல் எழுப்பியது. இப்போது நிற்பது 2007இல் புதிதாக நட்ட தேக்கு மரங்கள். ஊஞ்சல் பலகை இல்லை, உயர்ந்த கால்களும் மேல்கட்டும் மட்டும். ஒரு காலத்தில் மார்கழி தை வாக்கில் ஆட்கள் இதில் வீசி ஆடி, மூங்கில் நுனியில் தொங்கும் காசு முடிச்சைப் பல்லால் கவ்வுவார்களாம். ஆட்டம் 1935உடன் நின்றுவிட்டது. சடங்கு நிற்கவில்லை. பக்கத்திலேயே இருக்கும் தேவஸ்தானம் என்ற இந்துக் கோயிலில் அரசவைப் பிராமணர்கள் ஆண்டுதோறும் அதை நடத்துகிறார்கள். பெயர் திரியம்பாவை திரிபாவை. திருவெம்பாவை, திருப்பாவையிலிருந்து வந்த பெயர்தான். தலைமுறை தலைமுறையாக அங்கே ஓதிவரும் தமிழ் அது. ஒலி வெகுவாக மாறிவிட்டது, ஆனாலும் ஓதுகிறார்கள்.

இதை நான் வழியில் சொன்னபோது அம்மா நம்பவில்லை. மார்கழி தவறாமல் விடியற்காலையில் தாயுமானவர் கோயில் படியேறிப் பாடியவர் அவர். தேவஸ்தானம் சின்ன வளாகம்: சிவன், பிள்ளையார், பெருமாள் என்று மூன்று வெள்ளைக் கட்டடங்கள், ஓட்டுக் கூரை. கூட்டமே இல்லை. சிவன் சந்நிதியில் ஒரு தாய்லாந்து மூதாட்டி மட்டும் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். அம்மா அவருக்கு ஓர் ஓரமாக உட்கார்ந்து, மெல்லிய குரலில் திருவெம்பாவையின் முதல் பாட்டைப் பாடினார். அப்புறம் இரண்டாவது. மூதாட்டி திரும்பிப் பார்க்கவில்லை, எழுந்து போகவும் இல்லை. இருபது பாட்டும் முடிகிற வரை அப்படியே இருந்தார். வெளியே வரும்போது அம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டு, தன் பையிலிருந்த இரண்டு வாழைப்பழங்களை எடுத்துக் கொடுத்தார்.

எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுதலாம். ஆனால் அதைவிட நன்றிதான் அதிகம். நம் பாட்டு அங்கே போனது நம்மவர் சாமர்த்தியமாக இருக்கலாம். அர்த்தம் புரியாத மொழியை இத்தனை நூற்றாண்டு கைவிடாமல் வைத்திருப்பது அவர்கள் செய்தது.

இரவு யாவ்ராட், சீனர் தெரு. கின் ஜே கூட்டம், நடக்கவே இடமில்லை. சேப்பங்கிழங்கு வறுவலுக்கு இனிப்பான கடலைச் சாறு, பொரித்த டோஃபு, கல்லோடு சேர்த்து வறுத்த செஸ்நட். ஒரு கடையில் குழிப்பணியாரக் கல்! அதே வார்ப்பு, அதே குழி. அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் ஊற்றி, மேலே சோளமுத்து தூவி எடுக்கிறார்கள். பெயர் கனோம் க்ரோக், 8 துண்டு 40 பாட். வெளியே மொறுமொறு, உள்ளே பாயசப் பதம். மூன்று முறை வாங்கினோம்.

ஒன்பது மணிக்கு மழை பிடித்தது. சும்மா இல்லை, கணுக்கால் வரை தண்ணீர். டாக்சிக்காரர் ஒருவர் மீட்டர் போட மறுத்து 400 பாட் கேட்டார். அடுத்தவர் 350. அம்மாவுக்கு முட்டி வலி, நனைந்த புடவை, முகம் வாடிவிட்டது. ஒரு மருந்துக்கடை வாசலில் ஒதுங்கினோம். கடைப் பெண் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து அம்மாவை உட்காரவைத்தாள். மெட்ரோவுக்குப் போங்கள் என்று சைகையில் காட்டினாள், வாட் மங்கோன் நிலையம் நாலு எட்டில்தான். காட்டியதோடு விடாமல் தன் குடையில் அம்மாவை அணைத்து நிலைய வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு ஓடினாள். மூன்றாவது நிலையம் சிலோம். ஆளுக்கு இருபத்துச் சொச்சம் பாட்.

அக்டோபர் 11, வெள்ளி

விடியற்காலை ஐந்து மணிக்கு பாக் க்லாங் தலாட் பூச்சந்தை. இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். மறுநாள் விஜயதசமி என்பதால் சாமந்தி மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. வாடாமல் இருக்க மல்லிகையை ஐஸில் வைத்திருந்தார்கள்.

ஒரு மாலை கட்டும் பெண்ணின் முன்னால் அம்மா உட்கார்ந்தே விட்டார். நம் ஊர்போல நாரில் முடிச்சுப் போடுவதில்லை. முழ நீளத்துக்கு ஓர் எஃகு ஊசி. அதில் முதலில் ஒரு பொட்டு வாசலைன் தடவிக்கொள்கிறாள், கடைசியில் பூ வழுக்கி நூலுக்கு இறங்க வேண்டுமே. மல்லிகை மொட்டைக் காம்பு உள்பக்கம் இருக்கும்படி குறுக்கே குத்துகிறாள், வட்டமாக ஒரு சுற்று. அதன் மேல் அடுத்த சுற்று, முதல் சுற்றின் இடைவெளியில் உட்காரும்படி. ஊசி நிறைந்ததும் மொத்தத்தையும் ஒரே தள்ளு, வெள்ளைக் குழாய் ஒன்று நூலுக்கு வந்துவிடுகிறது. குஞ்சத்துக்கு வெள்ளை எருக்கம்பூ, நுனியில் ஒரு ரோஜா.

"எருக்கு! பிள்ளையாருக்கு மட்டும்தானே வைப்போம்" என்று அம்மா வியந்தார். இங்கே புத்தருக்கும் அதுதான், வண்டி ஓட்டுநரின் கண்ணாடியில் தொங்குவதும் அதுதான். அந்தப் பெண் ஊசியை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா ஒரு சுற்று குத்தினார். அவள் பார்த்து, ஒரே ஒரு மொட்டைப் பிடுங்கித் திருப்பி வைத்துவிட்டு, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். சின்ன மாலை 20 பாட்.

பகல் முழுக்க ஓய்வு. சந்திலேயே ஒரு மணி நேர மசாஜ், 300 பாட். அம்மாவின் முட்டியைப் பிடித்துவிட்ட பெண் தொடங்குமுன் கைகூப்பி வணங்கியதைப் பார்த்து அம்மாவுக்கு என்னவோ போலாகிவிட்டது. அவரும் படுத்தபடியே கும்பிட்டார்.

சாயங்காலம் லும்பினி பூங்கா. ஏரிக்கரையில் ஆள் நீள உடும்புகள் தம் பாட்டுக்கு நடந்து போகின்றன, யாரும் விரட்டுவதில்லை. ஆறு மணி அடித்தது. ஒலிபெருக்கியில் தேசிய கீதம். ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஓட்டத்தை நிறுத்தினார்கள், வியர்வை வழிய நின்றார்கள். ஐஸ் வண்டிக்காரர் எழுந்து நின்றார். முடிந்த நொடியில் எல்லாம் பழையபடி. காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் தினமும் இப்படித்தான்.

அக்டோபர் 12, சனி

மாரியம்மன் கோயில் சிலோம் சாலையும் பான் சாலையும் சேரும் மூலையில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. பக்கத்துச் சந்துக்கு இன்றும் வைத்தி சந்து என்றே பெயர். ஊர்க்காரர்களுக்கு இது வாட் கேக், அதாவது இந்தியர் கோயில். அம்மனை மே உமா தேவி என்று கூப்பிடுகிறார்கள். கோபுரம், பலிபீடம், குருக்கள், எல்லாம் நம் ஊர். வரிசையில் நிற்பவர்கள் மட்டும் பத்துக்கு ஒன்பது பேர் தாய்லாந்துக்காரர்கள்.

விஜயதசமி இரவு அம்மன் வீதி உலா. மதியத்திலிருந்தே சாலையை மூடிவிட்டார்கள். கடை வாசலுக்குக் கடை வாசல் மேசை போட்டு மண்டகப்படி: சாமந்தி மலைபோல, தேங்காய், பூசணி, கரும்பு, குங்குமக் கிண்ணம், பிள்ளையார், அம்மன் படம். ஒரு வங்கியின் வாசலிலும் இருந்தது. நாலு மணிக்கே பிளாஸ்டிக் விரிப்பில் இடம் பிடித்தோம். ஐந்தரைக்குத் தூறல், யாரும் எழுந்திருக்கவில்லை.

பக்கத்தில் கல்லூரிப் பெண்கள் நாலு பேர், வெள்ளைப் புடவை. ஒருத்தியின் கொசுவம் அவிழ்ந்து கையில் வந்துவிட்டது. அம்மா எழுந்தார். ஒன்றும் கேட்கவில்லை, கொசுவத்தை உதறி, ஏழு மடிப்பு எடுத்து, செருகி, தன் முந்தானை ஊக்கைக் கழற்றி அவளுக்குக் குத்திவிட்டார். மற்ற மூவரும் வரிசையில் வந்து நின்றார்கள். சித்தி இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண்கள் கைபேசியில் மொழிபெயர்த்து, அம்மன் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேட்டார்கள். "சமயபுரம் போய்ப் பாருங்கம்மா" என்று சித்தி தமிழிலேயே சொன்னார். ஒருத்தி அதைக் குறித்துக்கொண்டாள்.

எட்டு மணி வாக்கில் நாதசுரமும் தவிலும் கேட்டன. முன்னால் கரகம், பின்னால் காவடி, கன்னத்தில் அலகு. அப்புறம் தேர். அத்தனை நெரிசலில் தள்ளுமுள்ளு இல்லை. தேர் நெருங்கியதும் முன்வரிசை தானாக மண்டியிட்டது, அதற்குப் பின்வரிசை, அதற்கும் பின்னால். அதனால் கடைசி ஆளுக்கும் அம்மன் முகம் தெரிந்தது. நம் ஊர்த் திருவிழாக்களில் நான் பட்ட இடிகளை நினைத்தால், இது ஒன்றையாவது நாம் இவர்களிடம் கற்றுக்கொள்ளலாம் என்று தோன்றியது. அம்மா அழுதுகொண்டிருந்தார். சித்தி அவர் தோளைப் பிடித்திருந்தார்.

திரும்பும்போது மணி பதினொன்று. சாலை முழுக்கத் தேங்காய்ச் சில்லும் சாமந்தியும் மிதிபட்டுக் கிடந்தன.

அக்டோபர் 13, ஞாயிறு

கின் ஜே முடிந்துவிட்டது, மஞ்சள் கொடிகளையும் இறக்கிவிட்டார்கள். சந்து முனைத் தள்ளுவண்டியில் பன்றி இறைச்சி தொங்கியது. அம்மாவுக்குப் பழமும் ரொட்டியும். சித்தி ஒரு வழியாக நண்டு ஆம்லெட் சாப்பிட்டார், 150 பாட்.

சைவம் மட்டும் சாப்பிடும் பெரியவர்களோடு போவதாக இருந்தால் நவராத்திரியை ஒட்டிப் போங்கள். இரண்டு விழாவும் சந்திரனைப் பார்த்து வருவதால் பெரும்பாலும் சேர்ந்தே வரும், ஆனால் தேதி ஆண்டுதோறும் மாறும். மாரியம்மன் கோயிலுக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள். உலா நாளில் மாலை நாலுக்குள் சிலோமில் உட்கார்ந்துவிடுங்கள், விரிப்பும் தண்ணீரும் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா சொல்லச் சொன்னது: கூடவே ஒரு டஜன் ஊக்கு.